பொம்பேயில் மூன்று மணி நேரம்: வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ரோமானியத் தொல்லியல் என்றால் என்னவென்றே தெரியாமல் போன எனக்கு அந்த மூன்று மணி நேரம் ஒரு பாடமாகவே அமைந்தது.

இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் வந்து, பொம்பேயின் மரீனா வாசலில் எங்கள் வழிகாட்டியைச் சந்தித்தோம். தொல்லியல் படித்த பெண்மணி. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்து இந்த ரோமானிய நகரத்தைச் சாம்பலில் புதைத்த கதையை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டு, எங்களைத் தெருவில் குனியச் சொன்னார். எரிமலைக் கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரல் முழுசாக உள்ளே போனது. தெருவோரக் கல்லில் எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே, வண்டிகள் எந்தத் திசையில் போயின என்று கண்டுபிடிக்கிறார்களாம்.

ரொட்டிக்கடையில்தான் நான் அசந்து நின்றேன். அப்பா மாவு மில் வைத்திருந்தவர். மழுங்கிய அரவைக் கல்லைக் கொத்த ஆள் வரும் நாளெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. இங்கே கீழே கூம்புக் கல், அதன்மேல் உடுக்கை வடிவில் இன்னொரு கல். மேலே தானியத்தைக் கொட்டி, கழுதையைக் கட்டிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். கல் முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். தேயத் தேயப் புதுத் துளை வெளியே வருவதால் சொரசொரப்பு போவதில்லை. அப்பா பார்த்திருக்க வேண்டும்.

1748இல் தோண்ட ஆரம்பித்தவர்கள் அரண்மனைக்கு அழகுப் பொருள் தேடினார்கள். 1860களில் வந்த தொல்லியலாளர் ஃபியோரெல்லிதான் மேலிருந்து கீழாக, அடுக்கடுக்காகத் தோண்டவைத்தார். நகரத்தைப் பகுதி, தெருக்கட்டு, வாசல் என்று பிரித்து அவர் போட்ட எண்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இறுகிய சாம்பலுக்குள் உடல் மக்கிப்போன வெற்றிடத்தில் 1863இல் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர்) ஊற்றி உருவம் எடுத்தவரும் அவரே. அப்படி எடுத்த உருவம் இருந்த கண்ணாடிப் பெட்டி முன்னால் வழிகாட்டி எதுவும் பேசவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

குறை என்றால், குழுவில் 25 பேர். காதில் மாட்டிய கருவி அடிக்கடி கரகரத்தது. பின்னால் நின்றால் பாதி கேட்காது. சின்னக் குழு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதில் சேருங்கள். நிழலே இல்லை, தொப்பி அவசியம். தண்ணீர் பிடித்துக்கொள்ள உள்ளேயே குழாய்கள் உண்டு.

நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் இந்தக் கட்டணத்தில் சேராது. அதற்கு மறுநாளைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். 1938இல் பொம்பேயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை அங்கேதான் இருக்கிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக உயரம், கழுத்திலும் கையிலும் நகை நகையாகப் போட்ட ஒரு பெண்.