மலைக்கு எடுத்துப்போன ஆக்ஸிமீட்டர்: 87 என்று காட்டினால் போதுமா?

முந்தைய பயணத்தில் தம்பிக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இந்தத் தடவை, விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். நல்ல பொருள்தான். ஆனால் அதை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் எடுத்துப்போனால் முதல் ராத்திரியே தூக்கம் போய்விடும். எனக்குப் போனது.

3,500 மீட்டரில் முதல் இரவு. தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாட்டிப் பார்த்தால் 74. பதறிவிட்டேன். அப்புறம்தான் அவன் விரலைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. கையைப் பத்து நிமிஷம் அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி மறுபடி மாட்டினேன். எண் தடுமாறித் தடுமாறி ஏறி 87இல் நின்றது. அந்த உயரத்தில் அது பலருக்கும் வருகிற அளவுதான். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் போய்த்தான் கருவி கணக்குப் போடுகிறது. குளிரில் விரலுக்கு ரத்தம் சரியாக வராவிட்டால் கணக்கு தப்பிவிடும். நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான். ஓரத்தில் துள்ளும் நாடிப் பட்டை சீராகும்வரை எண்ணை நம்பாதீர்கள்.

சரி, 87 வந்துவிட்டது, கவலை இல்லையா? இருந்தது. தலைவலி, குமட்டல், சோர்வு மூன்றும் அவனுக்கு இருந்தன. உயர்மலை நோயை அறிகுறிகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மறுநாள் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினோம். சாயங்காலம் தலைவலி விட்டது. அதற்குப் பிறகும் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் தங்குமிடத்தை உயர்த்தவில்லை.

தினமும் காலையில் எழுந்து உட்கார்ந்ததும், ஒரே விரலில் பார்த்துக் குறித்துவைத்தேன். இந்தக் கருவி அதற்குத்தான் உண்மையில் உதவியது. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. நேற்றைய நம் எண்ணோடு ஒப்பிட வேண்டும். குதிகாலும் கால்நுனியும் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஆள் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கருவியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ராத்திரியானாலும் உடனே கீழே இறக்குங்கள்.

கூடவே வாங்கிய ஆக்ஸிஜன் டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில நிமிஷம் இதமாக இருந்தது, காலியானதும் தலைவலி திரும்பிவிட்டது. அதை நம்பி மேலே ஏற வேண்டாம்.

ஆக்ஸிமீட்டரின் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. கருவியைச் சட்டையின் உள்பாக்கெட்டில் வையுங்கள், மாற்று பேட்டரியும் கூடவே இருக்கட்டும்.