குலைநோய்ப் பூசணத்தை அடையாளம் காண நுண்ணோக்கியா, பிசிஆரா?

சம்பா கதிர் விடும் நேரத்தில் மார்கழிப் பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் டெல்டாவில் நெல்லின் குலைநோய் (பிளாஸ்ட்) மாதிரிகள் குவியத் தொடங்கும். பிபிடி 5204 நெல் ரகம் போட்ட வயல்களிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே வரும். 1919-லேயே தஞ்சைப் பகுதியில் பெருஞ்சேதம் செய்த நோய் இது. மாதிரியில் இருக்கும் பூசணம் எது என்று சொல்ல நுண்ணோக்கியா, டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரா என்று கேட்டால் எங்கள் தேர்வு நுண்ணோக்கி. அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிசிஆருக்கு நொதியும் பிரைமரும் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டரைத் தேட வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது ஒற்றை வித்துப் பிரிப்பு, அதாவது பூசணத்தின் ஒரே ஒரு வித்தை (ஸ்போர்) எடுத்துத் தனியாக வளர்ப்பது. காய்ந்த புள்ளியில் குலைநோய்ப் பூசணம் தனியாக இருப்பதில்லை. கர்வுலேரியா, பைபோலாரிஸ், நைக்ரோஸ்போரா போன்ற வேறு பூசணங்களும் ஏறியிருக்கும். அந்த இலையை அப்படியே அரைத்து, எல்லாப் பூசணத்துக்கும் பொதுவான ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியின் பிரைமர் போட்டால் எதன் டிஎன்ஏ பெருகியது என்றே தெரியாது. சில சமயம் நெல்லின் டிஎன்ஏவே பெருகிவிடும். வித்தைப் பிரிக்கத் தெரியாத ஆய்வகத்தில் பிசிஆர் இருந்தால், தப்பான பெயர் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பிரிக்கும் முறை இது. நடு சாம்பலாகி ஓரம் பழுப்பாக உள்ள, புதிய கண் வடிவப் புள்ளிகளை எடுங்கள். கழுத்துக் குலைநோய் என்றால் கதிர்க் கழுத்தை வெட்டுங்கள். பாலிதீன் பை வியர்த்து அழுகும், காகித உறையே நல்லது. 1 செ.மீ. துண்டுகளை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். அதிக நேரம் கிடந்தால் தேடும் பூசணமும் செத்துவிடும். பெட்ரி தட்டில் ஈர வடிதாள் மேல் கண்ணாடித் துண்டு, அதன் மேல் இலைத்துண்டு என்று வைத்து 25–28 டிகிரியில் விட்டால் ஓரிரு நாளில் புள்ளி மேல் சாம்பல் நிற வித்துகள் எழும்பும்.

அவற்றை நுனி மெலிந்த ஊசியால் தொட்டு, பாக்டீரியாவைத் தடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த 2 சதவீத நீர் அகாரில் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) இழுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் முளைக்குழல் நீளும். மறுநாள் வரை விட்டால் பின்னிக்கொள்ளும், பிரிக்க முடியாது. முளைத்த ஒற்றை வித்தை அகாரோடு வெட்டி ஓட்ஸ் அகாருக்கு மாற்ற வேண்டும். இந்த வேலை முழுக்க நுண்ணோக்கியின் அடியில்தான் நடக்கிறது. அப்போதே பாதி விடையும் கிடைத்துவிடுகிறது. பேரிக்காய் வடிவம், இரண்டு குறுக்குச் சுவர், மூன்று அறை, அடியில் சின்ன மூக்கு இருந்தால் குலைநோயின் பைரிகுலேரியா. நீண்டு வளைந்து, பழுப்பாக, பல சுவர்களோடு இருந்தால் செம்புள்ளி நோயின் பைபோலாரிஸ். நடு அறை பருத்து முதுகு வளைந்திருந்தால் கர்வுலேரியா. ட்ரைசைக்ளசோல் மருந்து குலைநோய்க்கு வேலை செய்யும், செம்புள்ளிக்குச் சரிவராது. விவசாயிக்கு வேண்டிய பதில் இந்த இடத்திலேயே வந்துவிட்டது.

நுண்ணோக்கி தோற்கும் இடமும் உண்டு. பைரிகுலேரியாவில் நெல்லைத் தாக்கும் ஒரைசே, டிஜிட்டேரியா புல்லைத் தாக்கும் கிரிசியா இரண்டின் வித்தும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆக்டின், பீட்டா டியூபுலின், கால்மோடுலின் மரபணுக்களை ஒப்பிட்டு 2002-இல்தான் இவற்றைத் தனி இனங்களாகப் பிரித்தார்கள். கேழ்வரகைத் தாக்குவதும், 2016-இல் வங்கதேசக் கோதுமையைத் தாக்கியதும் ஒரைசேயின் வேறு வேறு பிரிவுகள். அங்கும் வித்தின் உருவம் உதவாது. வரப்புப் புல், கேழ்வரகு மாதிரி வந்தால் தூய வளர்ப்பை எடுத்து பிசிஆருக்கு அனுப்புவதே சரி. வயலிலேயே பார்க்கும் லாம்ப் என்ற டிஎன்ஏ சோதனையில் எங்களுக்குக் கைப்பழக்கம் குறைவு, அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

பிசிஆரில் பெருக்கிய டிஎன்ஏவின் எழுத்து வரிசை வந்ததும், மரபணுத் தரவுத்தளத்தில் ஒப்பிடும்போது முதலில் நிற்கும் பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள். நெல்லிலிருந்து எடுத்த பழைய பதிவுகள் பல இன்னமும் கிரிசியா என்ற பெயரிலேயே கிடக்கின்றன. எந்தப் பயிரிலிருந்து எடுத்தது என்ற குறிப்பைப் பார்த்துவிட்டுப் பெயர் எழுதுங்கள்.