மூன்று மினி பீசி, ஒன்றரை வருடம்: லோங்ஹோர்ன் பாவித்த அனுபவம்

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் ஒபீஸில் மூன்று மினி பீசிகளில் கே3எஸ் ஓடுகிறது; பல கணினிகளை ஒன்றுசேர்த்து மென்பொருள்களை ஓட்டும் குபர்நெட்டீஸின் சிறிய வடிவம் அது. பில் போடும் மென்பொருள், அதன் தரவுத்தளமான போஸ்ட்கிரஸ், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாம் அதற்குள்தான். முதலில் கே3எஸ்ஸோடு வரும் லோக்கல் பாத் என்ற சேமிப்பு முறையையே பாவித்தோம். அதில் தரவு எந்த நோடில் (கணினியில்) எழுதப்பட்டதோ அங்கேயே கிடக்கும். ஒரு நாள் அந்த நோடின் பவர் சப்ளை எரிந்துவிட்டது. மற்ற இரண்டும் நன்றாக இருந்தும் பின்னேரம் வரை ஒரு பில் போட முடியவில்லை. அதற்குப் பிறகுதான், ஒரே தரவைப் பல நோடுகளில் பிரதியாக வைக்கும் லோங்ஹோர்னுக்கு மாறினோம். அதே மாதிரி வேலை செய்யும் செப் (Ceph) என்பதையும் யோசித்தோம், ஆனால் டிஸ்க் ஒன்றுக்கு 4 ஜிபி அளவில் ரேம் கேட்பது எங்கள் பெட்டிகளுக்குப் பாரம்.

நிறுவுவது சுலபம். வலையமைப்பு வழியாக டிஸ்க்கை இணைக்கும் ஓப்பன்-ஐஸ்கஸி எல்லா நோடிலும் இருக்கவேண்டும். உபுண்டுவில், ஒரே டிஸ்க்குக்கான பல வழிகளைக் கையாளும் மல்டிபாத் சேவை, லோங்ஹோர்ன் டிஸ்க் போலக் கொடுக்கும் வொல்யூமைத் தன் பக்கம் பிடித்துக்கொண்டதால் மவுண்ட் ஆகாமல் அரை நாள் போனது. அந்த டிவைஸ்களை மல்டிபாத் விலக்குப் பட்டியலில் போட்டதும் சரி.

அப்புறம் ஒரு சனிக்கிழமை, போஸ்ட்கிரஸ் ஓடிய நோடின் வயரை நானே பிடுங்கிப் பார்த்தேன். தரவின் பிரதி மற்ற இரண்டு நோடிலும் இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் தானாக மாறிவிடும் என்று நம்பினேன். கால் மணி நேரமாகியும் பொட் (போஸ்ட்கிரஸை உள்ளே வைத்து ஓட்டும் கூடு) 'டெர்மினேட்டிங்', அதாவது முடிந்துகொண்டிருக்கிறது, என்றே நின்றது. நோட் செத்துவிட்டதா, வலையமைப்பு மட்டும் அறுந்ததா என்று குபர்நெட்டீஸுக்குத் தெரியாது. அதனால் ஸ்டேட்ஃபுல்செட்டின் (தரவுத்தளம் போலத் தரவை வைத்திருப்பவற்றை ஓட்டும் முறை) பொட்டை அது தானாக அகற்றாது. நோட் விழுந்தால் பொட்டை நீக்கச் சொல்லும் செட்டிங் லோங்ஹோர்னில் இருக்கிறது, ஆனால் இயல்பாக அது 'ஒன்றும் செய்யாதே' என்றே வரும். மாற்றிவிட்டுத் திரும்பப் பிடுங்கினேன், போஸ்ட்கிரஸ் அடுத்த நோடில் எழும்பியது. நீங்கள் நிறுவினால் அன்றைக்கே வயரைப் பிடுங்கிப் பாருங்கள்.

வேகம் குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. எல்லாப் பிரதியிலும் எழுதி முடிந்த பிறகுதான் 'எழுதியாச்சு' என்று பதில் வரும், எங்களுடையதோ 1 கிகாபிட் சுவிட்ச். மாத முடிவுக் கணக்கு ஓடும்போது நன்றாகவே தெரிகிறது. ஸ்கேன் ஆவணங்களுக்கு இரண்டு பிரதியாகக் குறைத்தோம், போஸ்ட்கிரஸுக்கு மூன்றையே வைத்திருக்கிறோம்.

2025 பெப்ரவரி 9, நாடு முழுக்க மின்சாரம் போன ஞாயிறு, யூபிஎஸ் தீர்ந்து மூன்று பெட்டியும் ஒன்றாக அணைந்தன. கரண்ட் வந்ததும் வொல்யூம்கள் தாமாகவே மீண்டன. எனக்கு இதில் நம்பிக்கை வந்தது அன்றுதான்.

ஆனால் ஒரு முறை யாரோ கைதவறி ஒரு வருட ஆவணக் கோப்புறையை அழித்தபோது, வேலைக்குப் புதிதாக வந்த தம்பி, "அண்ணா, பிரதிதான் இருக்கே?" என்றார். அழித்ததும் அதே நொடியில் எல்லாப் பிரதியிலும் அழிந்துவிட்டது. முதல் நாள் இரவு என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக வேறு பெட்டிக்குப் போன பேக்கப்பில் இருந்துதான் திருப்பி எடுத்தோம்.