பால் கேனா, பார்சல் டப்பாவா? குளிர்காலத்தில் வெளியே விதைக்க எது தோது

உறைபனி விழும் இடங்களில், நடுக்குளிரிலேயே விதைத்து டப்பாவை வெட்டவெளியில் வைத்துவிடலாம். குளிர் தணியும்போது விதை தானாக முளைக்கும். குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும் லாவெண்டர், டெல்ஃபினியம் போன்ற பூச்செடிகளுக்கு இது ரொம்பப் பொருத்தம். தூக்கிப் போடும் 4 லிட்டர் பிளாஸ்டிக் பால் கேனும் சரி, கண்ணாடி போன்ற பார்சல் டப்பாவும் சரி, இரண்டிலும் வேலை நடக்கும். என் ஓட்டு கேனுக்குத்தான். காரணம் ஈரம்.

கேனில் 8 முதல் 10 செ.மீ. மண்கலவை நிற்கும். டப்பாவில் 4, 5 செ.மீ. தாண்டினால் நாற்று மூடியில் இடிக்கும். குளிர் முடியும்வரை இந்த வித்தியாசம் தெரியாது. வெயில் ஏறியதும்தான் வினை. தெளிவான மூடிக்குள் சூடு அடைந்து, மெல்லிய மண் ஒரே பிற்பகலில் காய்ந்துவிடும். முளைவிட்ட நாற்றுக்கு அது போதும், தலை சாய்ந்துவிடும். கேனின் மங்கலான சுவர் வெயிலின் உறைப்பைக் குறைக்கும். திருகுமூடியைக் கழற்றிவிட்டால் அந்த வாய் வழியே சூடு வெளியேறும், மழையும் பனியும் உள்ளே இறங்கும். கேனைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் மண் காய்கிறது. தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலே ஊற்றினால் விதை ஓரத்தில் ஒதுங்கிவிடும்.

கைப்பிடிக்குக் கீழே சுற்றி வெட்டி, ஒரு பக்கம் 3 செ.மீ. விட்டால் அதுவே கீல். அடியில் 6 மி.மீ. ஓட்டை எட்டு, பக்கவாட்டில் அடியை ஒட்டி நான்கு. தரையில் பதிந்து அடி ஓட்டை அடைபட்டாலும் பக்க ஓட்டை வழியே தண்ணீர் வடியும். தேங்கினால் விதை அழுகும். தோட்டத்து மண் இறுகிப்போகும், வேண்டாம். கலவையை முதலில் நனைத்து, வடிந்த பிறகு விதைத்து, வெட்டிய இடத்தில் டேப் ஒட்டுங்கள். பெயரைப் பென்சிலால் பட்டையில் எழுதி உள்ளே செருகுங்கள், மார்க்கர் வெயிலில் வெளுத்துவிடும்.

டப்பாவுக்கும் ஒரு இடம் உண்டு: லெட்டூஸ் மாதிரி சின்னதிலேயே பிடுங்கி நடுபவை. மூடியில் நாலைந்து ஓட்டை போட்டு, வெயில் ஏற ஏற அவற்றைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். கேன் பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும், அடுத்த பருவத்துக்குத் தாங்குமென்று உறுதி சொல்ல முடியாது.

தக்காளி, மிளகாயை எதிலுமே நடுக்குளிரில் போடாதீர்கள். கடைசி உறைபனிக்கு ஒரு மாதம் இருக்கும்போது போதும். முளைத்த பிறகு உறைபனி வருமென்றால் இரவில் கேன்மேல் பழைய போர்வை போடுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள்.