பெட் ஸ்கேன் ரிப்போர்ட்: மேக்ஸ், பீக், டோவில், கன அளவு இதில் எதை நம்புவது?

பெட் ஸ்கேனுக்கு முன் லேசான கதிரியக்கம் கலந்த ஒரு சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அதை உடலின் ஓர் இடம் எவ்வளவு உறிஞ்சியது என்பதை, கொடுத்த அளவையும் ஆளின் எடையையும் வைத்துக் கணக்கிட்ட எண்தான் எஸ்யூவி. முதல் ஸ்கேனில் கட்டியின் எஸ்யூவி மேக்ஸ் 9.0. சில சுற்று கீமோவுக்குப் பிறகு 7.6. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை கழித்துப் பார்ப்பதுதான். 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதே, மருந்து கேட்கிறது என்று ஒரு நிம்மதி. இதுவே 7.6 என்பது 9.0 ஆகியிருந்தால் அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. இரண்டுமே அவசரம். ஒரே மெஷினில், ஒரே மாதிரி தயார் செய்து எடுத்தால்கூட, ஓரளவு பெரிய கட்டியில் எஸ்யூவி மேக்ஸ் சுமார் 28 சதவீதம் குறைந்தால்தான், அல்லது 39 சதவீதம் கூடினால்தான், அது நிஜ மாற்றம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும் என்பது இந்த அளவீட்டுத் துறையினர் வைத்திருக்கும் கணக்கு. மேலே சொன்ன இரண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

ஏன் இவ்வளவு ஆட்டம்? மேக்ஸ் என்பது கட்டிக்குள் மிக அதிகமாக ஒளிரும் ஒற்றைப் புள்ளியின் மதிப்பு. எடுப்பது சுலபம், யார் அளந்தாலும் அதே எண்தான் வரும், அதனால்தான் எல்லா ரிப்போர்ட்டிலும் அது இருக்கிறது. ஆனால் படத்தில் இருக்கும் இரைச்சலும் அந்த ஒரு புள்ளியில்தான் போய் உட்காரும். இதற்குப் போட்டியாக வந்தது பீக். மிகச் சூடான, அதாவது அதிகம் ஒளிரும் பகுதியைச் சுற்றி 1 கன சென்டிமீட்டர் உருண்டை ஒன்றை வைத்து, அதற்குள் இருப்பதன் சராசரியை எடுப்பது. திடக் கட்டிகளில் சிகிச்சையின் பலனை பெட் வைத்து அளக்க 2009இல் வந்த பெர்சிஸ்ட் விதிகள் இதைத்தான் பிடித்துக்கொண்டன, அதோடு மொத்த எடைக்குப் பதிலாகக் கொழுப்பு நீங்கிய எடையை வைத்துக் கணக்கிடச் சொன்னன. கொழுப்பு இந்தச் சர்க்கரை மருந்தை அதிகம் உறிஞ்சாது, சிகிச்சையில் ஆள் மெலிந்துபோனால் மொத்த எடையை நம்பிய எண் தானாகவே நகர்ந்துவிடும். குறைந்தது 30 சதவீதமும் 0.8 அலகும் இறங்கினால் மட்டுமே பலன் என்று எழுதலாம்.

பெர்சிஸ்டில் எனக்குப் பிடித்தது அந்த 30 சதவீதம் அல்ல, கல்லீரலைச் சாட்சிக்குக் கூப்பிடுவதுதான். நோய் இல்லாத கல்லீரலின் மதிப்பு இரண்டு ஸ்கேனிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒப்பீடே சந்தேகத்துக்குரியது. ஏனென்றால் தப்பு பெரும்பாலும் கட்டியில் இருக்காது, சுற்றி நடந்த வேலைகளில்தான் இருக்கும். ஊசி மருந்தை அளக்கும் அறையின் கடிகாரமும் ஸ்கேன் மெஷினின் கடிகாரமும் பத்து நிமிடம் முன்பின் இருந்தாலே எண் 6 சதவீதம் நகரும், அந்த மருந்தில் இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிடம்தானே. ஊசி போட்டு 60 நிமிடத்தில் ஒரு தடவையும், வரிசை நீண்டுவிட்டதால் 85 நிமிடத்தில் அடுத்த தடவையும் எடுத்தால், பல கட்டிகள் இன்னும் உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இரண்டாவது படத்தில் சூடாகத் தெரியும், உண்மையில் குறைந்தது மறைந்தே போகலாம். இரத்தச் சர்க்கரை, ஊசி ஏறிய இடத்தில் மருந்து கசிந்தது, இடையில் புது மெஷின் வாங்கியது (படத்தை உருவாக்கும் புதிய கணக்கீட்டு முறைகள் சின்னக் கட்டிகளின் மேக்ஸைத் தூக்கிக் காட்டும்) என்று பட்டியல் நீளும்.

நிணநீர்ப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே டோவில் அளவுகோல், 1 முதல் 5 வரை, எண்ணைவிடக் கண்தான் முக்கியம். கட்டியின் ஒளிர்வை நோயாளியின் சொந்த நெஞ்சறை இரத்தத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிடுகிறார்கள். 3 வரை இருந்தால் பொதுவாக நல்ல பலன், கல்லீரலைத் தாண்டினால் 4, வெகுவாகத் தாண்டினாலோ புதிதாக ஏதாவது முளைத்தாலோ 5. கடிகாரக் கோளாறு, எடைக் கோளாறு எல்லாம் கட்டியையும் கல்லீரலையும் ஒருசேரத் தாக்குவதால் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். கண்ணால் பார்ப்பதெல்லாம் ஒரு அளவீடா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் நோய் முற்றிய நிலையில், இரண்டு சுற்று கீமோவுக்குப் பிந்தைய ஸ்கேன் 1 முதல் 3 என்றால் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ப்ளியோமைசின் என்ற மருந்தை விட்டுவிடலாம் என்று 2016இல் வெளியான ரேதல் ஆய்வு காட்டியது. அதன் பலவீனம் 3க்கும் 4க்கும் நடுவில். இரண்டு மருத்துவர்கள் அதிகம் மாறுபடுவது அங்கேதான்.

கன அளவு, அதாவது உயிர்ப்போடு இருக்கும் கட்டியின் மொத்தப் பரிமாணம், கேட்க ரொம்ப நியாயமாகத் தோன்றும். ஆரம்பத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று கணிக்க நல்லதும்கூட. பலனை அளக்க வந்தால்தான் சிக்கல். எந்த எஸ்யூவிக்கு மேல் இருப்பதைக் கட்டி என்று எண்ணுவது, அந்த எல்லையை எங்கே போடுவது? மேக்ஸில் 41 சதவீதம் என்று வைத்தால், சிகிச்சையில் மேக்ஸ் இறங்கும்போது எல்லையும் சேர்ந்து இறங்கி, கட்டி அடங்கிக்கொண்டிருக்கும்போதே கன அளவு கூடியதாகக் காட்டும். நிலையான எல்லை வைத்தால் அந்த வம்பு இல்லை, ஆனால் எஸ்யூவி 2.5 என்று வைத்தால் ஒரு அளவு, 4.0 என்று வைத்தால் வேறு அளவு.

சிடியில் நீளத்தை மட்டும் அளக்கும் பழைய ரெசிஸ்ட் முறையை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது, நீளம் கடிகாரத்தைப் பொறுத்து மாறாது. ஆனால் அது மெதுவானது. வயிற்றில் வரும் ஜிஸ்ட் கட்டிக்கு இமாட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்தால் பெட்டில் சில நாட்களிலேயே ஒளி அணைந்துவிடும், சிடியில் அளவு சுருங்க வாரங்கள், மாதங்கள் ஆகும்.

என் தேர்வு: நிணநீர்ப் புற்றுக்கு டோவில், திடக் கட்டிக்குப் பீக், அதுவும் சிடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. மேக்ஸ் பெரிய மாற்றங்களுக்குப் போதும். கன அளவை வைத்து மட்டும் மருந்தை மாற்றச் சொன்னால் நான் இன்னொரு கருத்துக் கேட்பேன். முடிந்தவரை அதே மையம், அதே மெஷின். கீமோ முடிந்து குறைந்தது 10 நாளாவது இடைவெளி, கதிர்வீச்சு என்றால் பொதுவாக 12 வாரம், இல்லையென்றால் வீக்கமே ஒளிர்ந்து குழப்பும். ரிப்போர்ட்டில் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடையே எத்தனை நிமிடம், சர்க்கரை எவ்வளவு, கல்லீரல் மதிப்பு என்ன என்ற மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், மெஷினில் பதிவாகியே இருக்கும்.