வட்டக்கானல் ஷக்ஷுகாவும் கத்தியோடு உட்காரும் அம்மாவும்

கொடைக்கானல் வருகிறவர்கள் ஏரியைச் சுற்றியதோடு திரும்பிவிடாமல் வட்டக்கானல் வரை வாருங்கள். டால்பின் நோஸ் போகும் பாதையில், போர்டுகூட இல்லாத ஒரு சின்னக் கடை இருக்கிறது. இஸ்ரேல் பயணிகள் வருஷக்கணக்காக வந்து தங்குகிற ஊர் என்பதால் ஷக்ஷுகா (தக்காளிக் குழம்பில் முட்டை), ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), பீட்டா ரொட்டி எல்லாம் கிடைக்கும்.

ஷக்ஷுகா பிரமாதம். தக்காளி நன்றாகச் சுண்டி, சீரகம் தூக்கலாக, மஞ்சள் கரு உடையாமல் சட்டியோடு வருகிறது. ஹம்முஸ் சுமார்தான், எள் விழுது போதவில்லை. பீட்டா நம்ம ஊர் பன்னுக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது.

பெரிய குறை, சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பயணிகள் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகங்கள் ஒரு அலமாரி நிறைய இருப்பதால் பிழைத்தேன். கையில் வந்தது அமெரிக்க யூத எழுத்தாளர் பிலிப் ராத்தின் 1969 நாவல் 'போர்ட்னாய்ஸ் கம்ப்ளெயின்ட்'. அதில் சோஃபி என்கிற யூத அம்மா, சாப்பிட மறுக்கும் பையன் பக்கத்தில் ரொட்டி வெட்டும் கத்தியோடு உட்காருகிறாள். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் "இன்னும் ஒரு வாய்" என்று மிரட்டாத அம்மா பழனி மலையில் எந்த வீட்டில் இருக்கிறார்? அமெரிக்காவில் மட்டும் இது யூத அம்மாவின் தனிக்குணம் ஆகிவிட்டது.

1880-களிலிருந்து 1924-இல் குடியேற்றச் சட்டம் இறுகும்வரை சுமார் 20 லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அங்கே போனார்கள். பிள்ளைகள் படித்து, புறநகரில் வீடு வாங்கி, அசல் அமெரிக்கர்களாக ஆனபிறகு, பழைய ஊர் வாடையை அம்மா தலையிலும் புதுப்பணத்தின் பகட்டை மகள், மனைவி தலையிலும் கட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஜூயிஷ் அமெரிக்கன் பிரின்சஸ்', அதாவது செல்லம் கொடுத்துக் கெட்ட பணக்கார யூதப் பெண், என்ற கேலி அப்படி வந்ததுதான். எழுதியவர்கள் பெரும்பாலும் மகன்கள் அல்லவா! அதற்கு முன்பே கெர்ட்ரூட் பெர்க் என்ற யூத நடிகை 1929 முதல் வானொலியிலும் 1949 முதல் டிவியிலும் தானே எழுதி நடித்த மாலி கோல்ட்பெர்க் என்ற பாத்திரம், எல்லார் விஷயத்திலும் தலையிட்டாலும் அன்பான அம்மா. 1993-இல் 'தி நேனி' டிவி தொடர் தொடங்கியபோது யூத நாயகியை இத்தாலியப் பெண்ணாக மாற்றச் சொன்னார்கள், அந்த வேடத்தில் நடித்த ஃபிரான் டிரெஷர் மறுத்துவிட்டார். சபாஷ்! ஆனால் அந்த நாயகியும் மூக்கால் பேசி, கல்யாணத்துக்கும் துணிக்கடைக்கும் அலைகிறவள்தான். 2024-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'நோபடி வான்ட்ஸ் திஸ்' தொடரிலும் அதே சிடுசிடு பெண்களா என்று யூதப் பெண்கள் பலர் கொதித்தார்கள்.

இதையெல்லாம் கடைக்கார அக்காவிடம் சொன்னேன். "அப்படியா? இங்க வர்ற புள்ளைங்க பட்டாளத்துல இருந்துட்டு வர்றவங்க தம்பி. முதுகுல ஒரு பை, அவ்வளவுதான். தட்டைக்கூட அவங்களே கழுவி வச்சிருவாங்க" என்றார். அவர்கள் இஸ்ரேல்காரர்கள், அமெரிக்கக் கதை வேறு. எல்லாருமே அப்படியா என்று கேட்டதற்கு, "கழுவாம போறவங்களும் உண்டு" என்று சிரித்தார்.

சனி, ஞாயிறு போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. சிக்னலும் சரியாக இல்லை, கையில் காசாக எடுத்துப் போங்கள்.