காந்தச் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மனச்சோர்வுக்கு இரண்டு மருந்து மாற்றியும் எனக்குத் தேறவில்லை. பல் தேய்க்க எழுவதே பெரும்பாடாக இருந்த நாட்கள். அப்போதுதான் ஒரு மையத்தில், “காந்தத்தால் மூளை நரம்பைத் தூண்டிவிடுவோம், இனி மாத்திரையே வேண்டாம்” என்றார்கள். நம்பி, 20 அமர்வுக்கும் மொத்தமாகப் பணம் கட்டினேன்.

தொப்பி மாதிரி ஒன்றை மாட்டுவார்கள். பச்சை விளக்கு எரியும். சத்தம் கிடையாது, தலையில் ஒரு தட்டல்கூடத் தெரியாது. எட்டாவது நாள், “ஒன்றும் தெரியலையே” என்றேன். “உள்ளே வேலை நடக்குதுங்க” என்றார் அங்கிருந்த பெண். அவர்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தியதுதான் நான் செய்த பெரிய தவறு. மூன்றாவது வாரம் தூக்கமே போய்விட்டது. வீட்டில் பயந்துபோய் என் பழைய மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “கட்டைவிரல் துடிச்சுதா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் விளக்கினார். டிஎம்எஸ் (தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது) என்ற இந்தச் சிகிச்சை பொய்யில்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்துகாட்டியது. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008இல் அனுமதியும் கிடைத்தது. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் ஒரு மில்லிநொடிகூட நீடிக்காத பெரிய மின்துடிப்பைப் பாய்ச்சுகிறார்கள். எம்ஆர்ஐ இயந்திரத்துக்கு நிகராக, சுமார் 1.5 முதல் 2 டெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு) வரை காந்தப்புலம் எழுந்து உடனே அடங்குகிறது. அந்த மாற்றம்தான் மண்டையோட்டுக்குக் கீழே நரம்புகளில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அசையாமல் இருக்கும் காந்தத்தைத் தலையில் நாள் முழுக்கக் கட்டிவைத்தாலும் இது நடக்காது. நிஜக் கருவி ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டக் டக்’ என்று உரக்க அடிக்கும். காதில் அடைப்பான் வைத்துத்தான் உட்கார வேண்டும்.

அவர் அனுப்பிய மருத்துவமனையில் தலைக்குள் உலோகக் கிளிப் உண்டா, காது கேட்கப் பொருத்தும் காக்ளியர் கருவி, பேஸ்மேக்கர் உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததா என்று இரண்டு தடவை கேட்டார்கள். அரிதாக வலிப்பு வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. முதல் இடத்தில் கேட்டது பெயரும் போன் நம்பரும் மட்டும்.

பிறகு கையை ஆட்டுவிக்கும் மூளைப்பகுதிக்கு மேல் சுருளை வைத்து, வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். நாற்காலிக் கையில் சும்மா கிடந்த என் கட்டைவிரல் திடீரென்று துள்ளியது. நான் அசைக்கவே இல்லை. விரலைத் துள்ளவைக்கத் தேவைப்படும் வலு ஆளுக்கு ஆள் மாறுமாம். இதை வைத்துத்தான் சிகிச்சையின் வலுவை முடிவு செய்கிறார்கள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முதல் மையத்தில் மூன்று வாரம் என்னை எதற்காக உட்கார வைத்தார்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. ரசீதை எடுத்துப் பார்த்தால் ‘நலவாழ்வுச் சேவை’ என்று மட்டும் இருக்கிறது. சிகிச்சையின் பெயரும் இல்லை, மருத்துவர் பெயரும் இல்லை. நீங்கள் பணம் கட்டும் முன்பே இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மாத்திரையை மட்டும், எழுதிக்கொடுத்த மருத்துவர் சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.